உண்ட இடமும் கண்ட இடமும்: பினாங்குக்கு ஒரு குடும்பப் பயணம்



பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் தோட்டத்துப் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இந்த லீவுக்கு எங்கே போகிறோம்?" கூட்டுப் பணம் கைக்கு வந்த மாதமாக இருந்தால் "பினாங்குக்கு" என்று சொல்லிவிடுவோம். பிறகு வீடே அமர்க்களப்படும். முதல் நாள் இரவே புளிச்சோறு கிளறி வைப்பார்கள். நெத்திலிச் சம்பல் தயாராகும். விடியற்காலை நான்கு மணிக்கு, பெரட்டுக்குப் போகிற நேரத்தில், பெரட்டுக்குப் போகாமல் வேனில் ஏறி உட்காருவதே பெரிய சந்தோஷம்.

இன்றைய உரையில் நாமும் அப்படி ஒரு பயணம் போய் வருவோம். பேராக் மாநிலத்துத் தோட்டப்புறத்திலிருந்து புறப்பட்டு, கோலகங்சார், தைப்பிங் வழியாகப் பினாங்கு வரை. எங்கே என்ன சாப்பிடலாம், எதைப் பார்க்கலாம் என்பதோடு, அந்த இடங்களுக்கும் நமக்கும் உள்ள உறவையும் பேசுவோம். ஏனென்றால், நாம் உல்லாசமாகப் போகும் இந்தப் பாதை, நம் பாட்டன் பூட்டன்மார் பலர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த பாதை. அவர்கள் பினாங்கிலிருந்து தோட்டத்துக்கு வந்தார்கள். நாம் தோட்டத்திலிருந்து பினாங்குக்குப் போகிறோம்.

முதலில் கோலகங்சார். பேராக் ஆற்றங்கரையில் அமைந்த அரச நகரம் இது. இந்த ஊரின் லக்சா பேர்போனது. காலைப் பசிக்கு ஒரு கோப்பை சாப்பிட்டுவிட்டு, மாவட்ட அலுவலகத்துக்கு எதிரே நிற்கும் ஒரு ரப்பர் மரத்தைப் பார்க்கப் போவோம். "தினமும் பார்க்கிற மரத்தை லீவிலும் வந்து பார்க்க வேண்டுமா?" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அது சாதாரண மரமன்று.

ரப்பருக்குத் தாயகம் தென் அமெரிக்காவிலுள்ள பிரேசில் நாடு. 1876-ஆம் ஆண்டில் அங்கிருந்து ஏறத்தாழ 70,000 விதைகள் லண்டனிலுள்ள கியூ தோட்டத்துக்குக் கொண்டு செல்லப்பட்டன. அவற்றில் முளைத்தவை சிலவே. அடுத்த ஆண்டு, 1877-இல், 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பது கன்றுகள் கோலகங்சாருக்கு வந்து சேர்ந்தன. அப்போது பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ அவற்றை நட்டு வளர்த்தார். அந்த ஒன்பதில் எஞ்சி நிற்பது இந்த ஒரு மரம். நாட்டில் பெருகிய பால்மரக் காடுகளின் ஆதி மரங்களுள் ஒன்று இது. இந்த மரம் மலாயாவுக்கு வந்திராவிட்டால் நம்மில் பலருடைய குடும்பமும் இங்கு வந்திராது. பாட்டியை மரத்தடியில் நிறுத்தி ஒரு படம் எடுத்துக்கொள்வோம். வாழ்நாளெல்லாம் மங்கும் கையுமாக மரம் வெட்டியவருக்கு அந்த மரத்தை நன்றாகத் தெரியும்.

அடுத்தது தைப்பிங். ஈயம் தோண்டிப் பள்ளமாகிப்போன நிலத்தை 1880-களில் பூங்காவாக மாற்றினார்கள். அதுதான் இன்று நாம் காணும் தைப்பிங் ஏரிப் பூங்கா. கிளைகளை நீர்மேல் வளைத்து நிற்கும் பெரிய மரங்களின் நிழலில் பாய் விரித்து, கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைப் பிரிப்பதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. பக்கத்திலேயே 1883-இல் தொடங்கப்பட்ட பேராக் அரும்பொருளகம் இருக்கிறது. நாட்டின் மிகப் பழைய அரும்பொருளகம் அதுவே.

நேரம் இருந்தால் தைப்பிங்கிலிருந்து கோல செப்பெத்தாங்குக்கும் போய் வரலாம். அது ஒரு மீனவக் கிராமம். இறால் போட்டுச் செய்யும் 'மீ ஊடாங்' சாப்பிடுவதற்கென்றே பலரும் அங்கே போகிறார்கள். அந்த ஊரின் பழைய பெயர் போர்ட் வெல்ட். மலாயாவின் முதல் ரயில் பாதை தைப்பிங்குக்கும் போர்ட் வெல்ட்டுக்கும் இடையே 1885-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் நாள் திறக்கப்பட்டது. சுமார் 13 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை, தைப்பிங்கின் ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டு சென்றது. இன்று அங்கே ரயிலும் இல்லை, தண்டவாளமும் இல்லை. ஆனால் பழைய நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது. அதில் ஆங்கிலம், ஜாவி, சீனம் ஆகியவற்றோடு தமிழிலும் ஊரின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் காலத்தில் ரயில் பாதை போடவும் பராமரிக்கவும் ஆயிரக்கணக்கான தமிழர்கள் உழைத்தார்கள். அவர்களுடைய பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை. அவர்கள் மொழியாவது ஒரு பலகையில் இருக்கிறது. பிள்ளைகளை அதை உரக்கப் படிக்கச் சொல்வோம்.

இனிப் பினாங்கு. முன்பெல்லாம் பட்டர்வொர்த்தில் வரிசையில் காத்திருந்து, வேனோடு பெரியில் ஏறித்தான் தீவுக்குப் போக வேண்டும். 1985-ஆம் ஆண்டில் 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. 2014-இல் இரண்டாவது பாலமும் வந்தது. வாகனங்களை ஏற்றிச் சென்ற பழைய பெரிகள் 2020-ஆம் ஆண்டின் இறுதியோடு ஓய்வு பெற்றுவிட்டன. ஆட்கள் ஏறும் புதிய பெரிகள் 2023 முதல் ஓடுகின்றன. ஆகவே பாலம் வழியாகப் போய்ச் சேர்ந்து, பிள்ளைகளுக்காகப் பெரியில் ஒருமுறை போய்த் திரும்புவோம்.

முதல் பாலத்தில் தீவை நெருங்கும்போது பேச்சைச் சற்று நிறுத்திவிட்டு இடப்பக்கம் பாருங்கள். காடு அடர்ந்த ஒரு சிறு தீவு தெரியும். அதுதான் ஜெரெஜாக் தீவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே தொழுநோயாளர் இல்லமும் நோய்த்தடுப்பு முகாமும் அமைக்கப்பட்டன. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்த தொழிலாளர்கள், தோட்டத்துக்குப் போகுமுன் இறக்கி வைக்கப்பட்ட இடம் அது. அம்மையோ காலராவோ இருக்கிறதா என்று அங்கே சோதித்தார்கள். உடுத்தியிருந்த துணியையும் மருந்து நீரில் போட்டு எடுத்தார்கள். நோயில்லை என்று தெரிந்த பிறகே தோட்டத்துக்கு அனுப்பினார்கள். நோயோடு வந்தவர்களில் சிலர் அத்தீவை விட்டு வெளியேறவே இல்லை. 1969 முதல் 1993 வரை அதே தீவு சிறைச்சாலையாகவும் இருந்தது. இப்போது பாலத்தில் போகிறவர்கள் அதைத் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை.

ஜார்ஜ் டவுனுக்குள் நுழைந்ததும் பசி வந்துவிடும். பினாங்கில் முதல் சாப்பாடு நாசி கண்டார்தான். 'நாசி' என்றால் சோறு. 'கண்டார்' என்பது தோளில் வைத்துச் சுமக்கும் தண்டு. இராமநாதபுரம் முதலிய ஊர்களிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள், தண்டின் ஒரு முனையில் சோற்றுக் கூடையும் மறுமுனையில் குழம்புப் பானையும் கட்டித் தோளில் சுமந்து, துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றார்கள். அதிகாலையில் வேலைக்குப் போகும் ஆளுக்கு வயிறு நிறைய ஒரு பிடி சோறும் ஒரு துண்டு மீனும் கொடுத்த வியாபாரம் அது. இன்று பெரிய பெரிய கடைகள் வந்துவிட்டன. மீன்தலை, ஆட்டிறைச்சி, கணவாய் என்று வரிசையாக இருக்கும். எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றச் சொல்ல வேண்டுமானால் 'பாஞ்சிர்' என்று சொன்னால் போதும். வெள்ளம் என்று பொருள். சோறு மிதக்கும்!

மாலையில் கடற்கரைப் பக்கம் பாடாங் கோத்தாவில் பசெம்பூர் சாப்பிடலாம். வெள்ளரிக்காய், சீனக் கிழங்கு, பொரித்த இறால் வடை, அவித்த முட்டை ஆகியவற்றின் மேல் சர்க்கரைவள்ளிக் கிழங்குச் சாறு ஊற்றித் தருவார்கள். வெயில் கடுமையாக இருந்தால் பினாங்கு ரோட்டுச் சந்தில் ஒரு கிண்ணம் செண்டோல். வீட்டுக்கு வாங்கிப் போக சௌரஸ்தா மார்க்கெட்டில் ஜாதிக்காய் ஊறுகாய். மரக்கறி உண்போருக்குக் கடைத்தெருவில் வாழையிலைச் சாப்பாடு உண்டு.

சாப்பிட்ட பிறகு சற்று நடப்போம். பிரான்சிஸ் லைட் 1786-இல் பினாங்கில் வந்திறங்கிய சில ஆண்டுகளுக்குள்ளேயே தமிழர்கள் இங்கே வணிகம் செய்துகொண்டிருந்தார்கள். சூலியா தெருவின் பெயரே சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களான சூலியாக்களை ஒட்டி வந்தது. அவர்கள் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801-இல் தொடங்கப்பட்டது. குயின் தெரு மாரியம்மன் கோயில் 1833-இல் எழுந்தது. கோயில், பள்ளிவாசல், குவான் யின் ஆலயம், 1818-இல் கட்டப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் ஆகிய நான்கையும் பத்து நிமிட நடையில் பார்த்துவிடலாம். 2008-இல் இந்த நகரம் மலாக்காவோடு சேர்ந்து உலகப் பாரம்பரிய நகரமானது.

கார்ன்வாலிஸ் கோட்டையின் சுவரைப் பிள்ளைகளிடம் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கோட்டையையும், சற்றுமுன் பார்த்த தேவாலயத்தையும், நகரின் சாலைகளையும் அமைத்ததில் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பு உண்டு.

இரண்டாம் நாள் மலைகளுக்கு. தண்ணீர்மலை முருகனைத் தெரியாத தோட்டம் எது? தைப்பூசத்துக்கு லாரியில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்த மலை அது. அந்நாளில் பினாங்குக்கு வந்த கப்பல்கள் குடிநீர் பிடித்ததும் அங்குள்ள அருவி நீரைத்தான். மலைமேல் புதிய கோயிலுக்கு 2012-இல் குடமுழுக்கு நடந்தது. ஏறுவதற்கு 513 படிகள். பாட்டிக்கு முடியாவிட்டால் அடிவாரத்தில் நகரத்தார் கோயிலில் உட்கார்ந்து தரிசிக்கலாம். அருகிலேயே 1884-இல் தொடங்கிய தாவரப் பூங்கா இருக்கிறது. குரங்குகளிடமிருந்து வாழைப்பழத்தை மட்டும் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்!

பிறகு கொடிமலை. மலை ரயில் 1923-இல் ஓடத் தொடங்கியது. நடுவழியில் மாறி ஏறி அரைமணி நேரம் போன பழைய ரயிலுக்குப் பதிலாக, 2011 முதல் புதிய ரயில் சில நிமிடங்களில் உச்சிக்குக் கொண்டுபோய்விடுகிறது. ரயில் வருமுன் வெள்ளைக்காரத் துரைமார்கள் மலைக்காற்று வாங்க எப்படிப் போனார்கள் தெரியுமா? சிலர் குதிரையில் போனார்கள். மற்றவர்களை நாற்காலியில் உட்காரவைத்துக் கூலியாட்கள் தோளில் சுமந்து ஏறினார்கள்.

ஊருக்குத் திரும்புமுன் கடைசியாக ஓரிடம். ஸ்வெட்டன்ஹாம் துறைமேடை. இன்று உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கும் இடம். 1926-இல் கட்டப்பட்ட 'ரஜுலா' என்ற கப்பலை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சென்னைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 1973 வரை ஓடிய கப்பல் அது. தளத்தில் பாய் விரித்துப் படுத்து ஒரு வாரம் போலக் கடலில் வந்தார்கள் நம்மவர்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிக்கப்பட்டது. பின்பு கங்காணிகள் மூலம் ஆட்கள் வந்தார்கள். 1938-இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர்களை உதவிப்பணத்தில் அனுப்புவதை நிறுத்தியது.

பினாங்குத் துறைமுகம் வந்தவர்களை மட்டும் பார்க்கவில்லை. 1969-இல் வேலை பெர்மிட் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, குடியுரிமை பெறாத தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலையிழந்தார்கள். முப்பது நாற்பது ஆண்டுகள் இந்த மண்ணில் உழைத்தவர்கள் தகரப் பெட்டியோடு கப்பலேறித் திரும்பினார்கள். அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. பிறந்த பிள்ளைக்குச் சூராட் எடுக்காமல் விட்டதும், அடையாளக் கார்டுக்கு விண்ணப்பிக்க ஒருநாள் வேலையை விட முடியாததும் எத்தனை பேரை அந்தக் கப்பலில் ஏற்றின! அதனால்தான் இன்றும் நம் வீட்டுப் பத்திரங்களை அரிசிப் பானையைவிடப் பத்திரமாகக் காக்க வேண்டும் என்கிறோம்.

நேயர்களே, பெரியவர்களாகக் கப்பலேறி வந்த தலைமுறை ஏறக்குறைய மறைந்துவிட்டது. குழந்தையாகத் தாயின் மடியில் வந்தவர்களும், வந்தவர்களின் வாயால் கதை கேட்டவர்களும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆகையால் இந்தப் பயணத்துக்குச் சாப்பாட்டோடு ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துச் செல்வோம். வேனில் பிள்ளைகளைப் பாட்டியின் பக்கத்தில் உட்காரவைப்போம். நம் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது, எந்தக் கப்பலில் வந்தது, முதலில் எந்தத் தோட்டத்தில் பேர் பதிந்தது, யார் திரும்பிப் போனார்கள் என்று கேட்டு எழுதச் சொல்வோம். பாட்டிக்கு ஆண்டு நினைவில்லாமல் போகலாம். "சப்பான்காரன் வருவதற்கு முன்னே" என்று சொன்னால் அதையே எழுதிக்கொள்ளட்டும்.

வீட்டுக்கு வந்து சேரும்போது நள்ளிரவாகிவிடும். பிள்ளைகள் தூங்கிப்போயிருப்பார்கள். மறுநாள் பெரட்டு இருக்கிறது. ஜாதிக்காய் ஊறுகாய் ஒரு வாரத்தில் தீர்ந்துபோகும். அந்த நோட்டுப் புத்தகத்தை மட்டும் சூராட்டுகள் இருக்கும் பெட்டியிலேயே வைத்துப் பூட்டுங்கள்.