குடல் கொடுக்கும் விலை

ஐந்து மில்லி மீட்டருக்கும் சிறிய நெகிழித் துகள்களே நுண்நெகிழிகள். 2004-ஆம் ஆண்டில் பிரிட்டன் ஆய்வாளர் ரிச்சர்ட் தாம்சனும் அவருடைய குழுவினரும் இப்பெயரை அறிமுகப்படுத்தியபோது, இது கடல் சார்ந்த சிக்கலாகவே கருதப்பட்டது. இன்று இது நம் உணவுப் பாதைக்குள் வந்துவிட்டது.

வியன்னா மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் எட்டு நாடுகளைச் சேர்ந்த 8 பேரின் மலத்தைப் பரிசோதித்தனர். எண்மரிடமும் நுண்நெகிழி இருந்தது. உட்செல்லும் துகள்களில் பெரும்பாலானவை கழிவுடன் வெளியேறிவிடும். மிக நுண்ணியவை குடற்சுவரை ஊடுருவக்கூடும் என்பதே கவலைக்குரியது. எலிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வுகளில், இத்துகள்கள் குடலைக் காக்கும் சளிப்படலத்தைக் குறைப்பதும், குடல்வாழ் நுண்ணுயிரிகளின் சமநிலையைக் குலைப்பதும் தெரியவந்துள்ளன.

சீனாவின் நான்ஜிங் பல்கலைக்கழக ஆய்வில், குடல் அழற்சி நோயாளிகளின் உலர்ந்த மலத்தில் கிராமுக்கு 41.8 துகள்களும், நலமாக இருப்போரிடம் 28 துகள்களும் காணப்பட்டன. நெகிழிதான் நோயைத் தந்தது என்று இதைக்கொண்டு முடிவுகட்ட இயலாது. நோயுற்ற குடல் துகள்களைக் கூடுதலாகத் தேக்கிவைத்திருக்கவும் கூடும். மனிதர்களுக்கு ஏற்படும் தீங்கை அளவிடப் போதிய சான்று இல்லை என்றே 2022-இல் உலக சுகாதார அமைப்பும் கூறியது. ஆயினும், நெகிழிப் பயன்பாட்டைக் குறைக்க வேண்டும் என்பதை அது வலியுறுத்தத் தவறவில்லை.

சான்று முழுமை பெறும்வரை காத்திருக்கலாமா? தேநீர்க் கடைக் காகிதக் குவளையையே எடுத்துக்கொள்வோம். அதன் உட்புறம் மெல்லிய நெகிழிப் பூச்சு உண்டு. அதில் 100 மில்லி லிட்டர் சுடுநீரை 15 நிமிடம் வைத்திருந்தால் ஏறத்தாழ 25,000 நுண்துகள்கள் கலப்பதாகக் கரக்பூர் ஐஐடி ஆய்வு தெரிவித்தது. தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருள்களில் இக்குவளையும் ஒன்று. அத்தடை செல்லும் என உச்சநீதிமன்றமும் 2023-இல் உறுதிப்படுத்தியது. ஆயினும், குவளை கடைகளை விட்டு அகலவில்லை.

காரணம் எளிது. கண்ணாடிக் குவளையைக் கழுவும் நீருக்கும் ஆள் கூலிக்கும் கடைக்காரர் செலவிட வேண்டும். காகிதக் குவளையோ மலிவானது. குப்பையை அகற்றும் செலவும், உடல் ஏற்கும் இடரும் அதன் விலையில் சேர்வதில்லை. பொருளியல் இதைப் புறவிளைவு என்கிறது. விற்பவரும் வாங்குபவரும் கணக்கில் கொள்ளாத அந்தச் செலவை ஊராரும் வருந்தலைமுறையும் சுமக்கின்றனர்.

எனவே, சிறு கடைக்காரரிடம் அபராதம் வசூலிப்பதோடு நில்லாமல், உற்பத்தியாகும் இடத்திலேயே தடையைச் செயல்படுத்த வேண்டும். கொதிக்கும் சாம்பாரை நெகிழிப் பையில் கட்டி வாங்காமல், வீட்டிலிருந்து பாத்திரம் எடுத்துச் செல்வது நம் கையில் உள்ளது. அறிவியலின் இறுதித் தீர்ப்பு எதுவாயினும், இந்த மாற்றத்தால் நாம் இழக்கப்போவது ஏதுமில்லை.