தோளில் படியும் சுண்ணாம்பு



புலாவ் செபாங் வட்டாரத் தோட்டங்களில் காண்டா போட்டுப் பால் வாளி சுமந்த தோள்கள் உண்டு. நீண்ட கோலில் கட்டிய அரிவாளால் செம்பனைக் குலை அறுக்கும் தோள்களும் உண்டு. அந்தத் தோளில் ஒருநாள் இரவு தாங்கமுடியாத வலி கண்டால், சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து உருவிவிடுகிறோம். ஆனால் எல்லா வலியும் சுளுக்கு அன்று. தசையை எலும்போடு பிணைக்கும் நாணில் சுண்ணாம்புச் சத்து படிந்தாலும் இப்படி வலிக்கும். அதை மருத்துவர்கள் கண்டறிந்த கதையை இன்று பார்ப்போம்.

1895-ஆம் ஆண்டு ஜெர்மனியில் ரோண்ட்கன் என்னும் அறிஞர் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். எலும்பைப் போலவே சுண்ணாம்புப் படிவும் எக்ஸ்ரே படத்தில் வெள்ளையாகத் தெரியும். 1907-இல் அமெரிக்காவில் பெயின்டர் என்ற மருத்துவர் தோளில் இருந்த அந்த வெண்படிவைப் படத்தில் காட்டினார். மூட்டருகே உள்ள நீர்ப்பையில்தான் அது இருக்கிறது என்று பலர் எண்ணினர். இல்லை, நாணிலேயே இருக்கிறது என்று விளக்கியவர் பாஸ்டன் நகர மருத்துவர் காட்மன். 1934-இல் அவர் தோளைப் பற்றியே ஒரு தனி நூல் வெளியிட்டார்.

பாரம் சுமப்பவர்க்கு மட்டுமா இது வரும்? 1941-இல் பாஸ்வொர்த் என்பவர் 6,061 அலுவலக ஊழியர்களின் தோள்களைச் சோதித்தார். நாற்காலியில் அமர்ந்து வேலை செய்த அவர்களிலும் 2.7 விழுக்காட்டினருக்குப் படிவு இருந்தது. அவர்களுள் பலருக்கு வலியே இல்லை!

பிறகு எம்.ஆர்.ஐ. வந்தது. 1973-இல் லாட்டர்பர் காந்தத்தின் துணையால் படம் எடுக்க வழி காட்டினார்; மான்ஸ்ஃபீல்டு அதை வளர்த்தார். 2003-இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். நாண் கிழிந்திருந்தால் இந்தக் கருவி நன்றாகக் காட்டும். ஆனால் இதில் நாணும் கறுப்பு, சுண்ணாம்பும் கறுப்பு. அமாவாசை இருட்டில் கறுப்புப் பூனையைத் தேடுவது போலத்தான்!

இதற்கும் வழி பிறந்தது. சுண்ணாம்பு தன்னைச் சுற்றியுள்ள காந்தப் புலத்தைச் சிறிதளவு மாற்றுகிறது. அந்த மாற்றத்தையே படமாக்கும் முறை முதலில் மூளைக்குப் பயன்பட்டது. 2016-இல் வெளியான பெர்லின் மருத்துவர்களின் ஆய்வு, அம்முறை தோள் படிவை வழக்கமான எம்.ஆர்.ஐ.யைவிடத் தெளிவாகக் காட்டுவதை மெய்ப்பித்தது. ஆகவே கிழிசலையும் படிவையும் ஒரே கருவியில் காண வழி உண்டாயிற்று.

அதற்காக எல்லாரும் பெரிய கருவியைத் தேடி ஓட வேண்டியதில்லை. பெரும்பாலோர்க்குச் சாதாரண எக்ஸ்ரேயோ அல்ட்ராசவுண்டோ போதும். பல படிவுகள் நாளடைவில் தாமே கரைந்துவிடும்.

இன்னொன்று. உணவில் உள்ள சுண்ணாம்புச் சத்துத் தோளில் போய்ப் படிவதில்லை. அதற்குப் பயந்து பாலையும் நெத்திலியையும் முருங்கைக் கீரையையும் வீட்டில் நிறுத்திவிடாதீர்கள். வெற்றிலை பாக்கு வாய்க்குக் கேடு. அது வேறு கதை!

உழைத்த தோள் வலித்தால் நம் தலையெழுத்து என்று பொறுத்திருக்க வேண்டாம். மருத்துவரிடம் காட்டுவோம், காரணம் அறிந்து மருந்து செய்வோம்.