கொம்பியூட்டருக்குள்ள தமிழ் எங்க ஈக்குது?

மாத்தளை உறவுகளுக்கு,

போன வாரம் எங்கள் பாடசாலைக் கணினி அறையில் பழைய கொம்பியூட்டர் ஒன்றின் மூடியைக் கழற்றி, தரம் 10 பிள்ளைகளுக்கு உள்ளே இருப்பவற்றைக் காட்டிக்கொண்டிருந்தேன். இது ப்ரொசெசர், இது ரெம், இது ஹார்ட் டிஸ்க் என்று சொல்லிக்கொண்டு போகும்போது பின்னால் நின்ற ஒரு மகள் கேட்டாள்: "சேர், இதுக்குள்ள தமிழ் எங்க ஈக்குது?"

மற்றப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருடத்துக்கு மேலாக இந்தப் பாடத்தைப் படிப்பிக்கிறேன், இதுவரை ஒருவரும் இதைக் கேட்டதில்லை. பதில் சொல்லத் தொடங்கும்போதே மணி அடித்துவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன். பெற்றோரும் கடைசிவரை வாசியுங்கள், உங்களிடம் கேட்க ஒரு விடயம் இருக்கிறது.

1981 ஆகஸ்ட் 12ஆம் திகதி ஐபிஎம் நிறுவனம் தன்னுடைய முதலாவது பீசீயை அறிமுகப்படுத்தியது. இன்று நம் மேசைகளில் இருக்கும் பெரும்பாலான கொம்பியூட்டர்களுக்கு அதுதான் மூத்த வாப்பா. ப்ரொசெசரின் வேகம் 4.77 மெகாஹேர்ட்ஸ். ஆகக் குறைந்த மாதிரியில் நினைவகம் 16 கிலோபைட் மட்டும். இன்று வட்ஸ்அப்பில் வரும் ஒரு சின்னப் படத்தைக்கூட அதில் வைக்க முடியாது.

ஆனால் அதில் ஒரு நல்ல விடயம் இருந்தது. உள்ளே 5 ஸ்லொட்கள் இருந்தன. அதற்குரிய தொழினுட்பக் கையேட்டைச் சுற்று வரைபடங்களோடு யாரும் விலைக்கு வாங்கலாம். வீட்டைக் கட்டிக் கொடுக்கும்போதே பின்னால் இரண்டு அறை இழுத்துக்கொள்ள இடம் விட்டு, பிளானையும் கையில் கொடுத்த மாதிரி. யார் வேண்டுமானாலும் ஒரு கார்ட் செய்து அதற்குள் செருகலாம். நாங்கள் இன்று ரெம் கூட்டுவதும் கார்ட் மாற்றுவதும் அங்கிருந்து வந்த பழக்கம்தான்.

அந்தக் கொம்பியூட்டரில் எழுத்துக்கள் எங்கே இருந்தன? திரைக்கான கார்டில் இருந்த ஒரு சிப்பில். அதில் 256 வடிவங்கள் தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்டிருந்தன. ஆங்கில எழுத்துக்கள், இலக்கங்கள், சில ஐரோப்பிய எழுத்துக்கள், கட்டம் போடும் கோடுகள், சிரிக்கும் முகம்கூட இருந்தது. தமிழ் இல்லை. சிங்களம் இல்லை. அரபு இல்லை. நீங்கள் ஒரு விசையை அழுத்தினால் அந்த எண்ணுக்குரிய வடிவத்தை சிப் திரைக்கு அனுப்பும். அதில் இல்லாத எழுத்தை எவ்வளவு கெஞ்சினாலும் காட்டாது.

புள்ளி புள்ளியாகப் படம் வரையக்கூடிய இன்னொரு கலர் கார்டும் ஐபிஎம்மிடம் இருந்தது. அதன் ஆகக் கூடிய அளவு குறுக்காக 640 புள்ளி, நெடுக்காக 200 புள்ளி. ஓர் எழுத்துக்குக் கிடைப்பது 8க்கு 8 கட்டம். இன்றைக்கு வீட்டில் கட்டக் கொப்பியை எடுத்து, 8க்கு 8 கட்டத்துக்குள் "ணை" என்று எழுதிப் பாருங்கள். பிரச்சினை என்னவென்று உடனே விளங்கும்.

அதே பிரச்சினை தாய்லாந்தைச் சேர்ந்த வான் சுவன்னுகுல் என்பவருக்கும் வந்தது. அவர் அமெரிக்காவில் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார். ஐபிஎம் பீசீயில் தாய் எழுத்தைப் பயன்படுத்தி வேலை செய்ய விரும்பினார். தாய் எழுத்திலும் நம்முடையதைப் போல முன்னால் வரும் குறி, மேலே ஏறும் குறி, கீழே இறங்கும் குறி எல்லாம் உண்டு. ஒரு கார்டில் எழுத்தை மாற்ற முடியாது, மற்றதில் எழுதினால் தெளிவில்லை. அவர் விட்டுவிடவில்லை. 1982இல் தானே ஒரு கார்டை வடிவமைத்தார். அதுதான் ஹேர்குலிஸ் கிராஃபிக்ஸ் கார்ட்.

அது 720க்கு 348 புள்ளிகளைக் காட்டியது. கணக்குப் போட்டால் மொத்தம் 2,50,560 புள்ளி. ஐபிஎம்மின் கலர் கார்டில் 1,28,000தான். கிட்டத்தட்ட இரு மடங்கு. சாதாரண ஒற்றை நிறத் திரையிலேயே இது வேலை செய்தது. லோட்டஸ் 1-2-3 என்ற கணக்கு மென்பொருள் இந்தக் கார்டில் வரைபடம் காட்டத் தொடங்கியதும் அலுவலகங்கள் இதை வாங்கின. தாய்வானில் மலிவான நகல்கள் வந்தன. தன் தாய்மொழியில் எழுத ஒருவர் செய்த கார்ட், உலகமெங்கும் கணக்குப் பார்ப்பவர்களின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது.

நமது எழுத்துக்கும் இதே பாதைதான். இந்தியாவில் கான்பூர் ஐஐடியில் தொடங்கிய முயற்சியை சீ-டெக் நிறுவனம் ஜிஸ்ட் கார்டாக வெளியிட்டது. அதை பீசீயின் ஸ்லொட்டில் செருகினால், டொஸ் காலத்திலேயே தமிழ் உட்பட இந்திய மொழிகள் திரையில் வரும். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். நம் நாட்டில் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1980களின் இறுதியில் வதன் தருவ என்ற மும்மொழிச் சொற்செயலி உருவானது. 1991இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. ஆனால் அது நம் வீட்டுத் திரைக்கு வர விண்டோஸ் 2000, எக்ஸ்பி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதில் என் சொந்த அனுபவமும் ஒன்று உண்டு. எக்ஸ்பி வந்த காலத்தில் கொழும்பிலிருந்து பாவித்த கொம்பியூட்டர் ஒன்றை வாங்கி வந்தேன். 64 மெகாபைட் ரெம். பிள்ளைகளின் தவணைப் புள்ளிகளைக் கூட்டி வரிசைப்படுத்த ஒரு சின்ன நிரல் எழுதினேன். பெயர்களை பாமினி எழுத்துருவில் அடித்தேன். அகர வரிசையில் அடுக்கச் சொன்னால் பாத்திமா முதலில் வருகிறாள், அமீனா பின்னால் வருகிறாள். இரண்டு இரவு என் நிரலில் பிழை தேடினேன். நிரலில் பிழை இல்லை. பாமினியில் "ப" இருப்பது ஆங்கில ஜீ விசையில், "அ" இருப்பது எம் விசையில். கொம்பியூட்டர் தமிழைப் பார்க்கவே இல்லை. அது ஆங்கில எழுத்துக்களை ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருந்தது. பாமினி தமிழுக்குப் போட்ட ஒரு முகமூடிதான்.

யூனிகோட் வேண்டுமென்றால் எக்ஸ்பி போட வேண்டும். அதற்கு 64 மெகாபைட் ஆகக் குறைந்த அளவு, 128 இருந்தால்தான் ஒழுங்காக ஓடும் என்றார்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து இன்னொரு ரெம் வாங்கிச் செருகினேன். திரை கறுப்பு. உள்ளேயிருந்து பீப் பீப் என்று சத்தம். உம்மா எட்டிப் பார்த்து, "நல்லா இருந்ததக் கழட்டிக் கெடுத்துட்டியே மகன்" என்றார். கைகால் நடுங்கியது. கடைசியில் ரெம்மைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, இரண்டு பக்கக் கொளுவியும் டக் என்று விழும்வரை அழுத்தினேன். கொம்பியூட்டர் எழும்பியது. அதற்குப் பிறகு அமீனா முதலில் வந்தாள்.

ஆகவே மகளே, உன் கேள்விக்குப் பதில் இது. இன்று தமிழ் எழுத்தின் வடிவங்கள் டிஸ்க்கில் ஓர் எழுத்துருக் கோப்பாக இருக்கின்றன. தேவைப்படும்போது ரெம்முக்கு வந்து திரையில் வரையப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் சொந்த எண் உண்டு. "அ" என்றால் 2949. "மாத்தளை" என்பது 7 எண்கள். அந்த எண்களுக்கும் வடிவங்களுக்கும் உள்ளே இடம் பிடித்தவர்கள், மூடியைக் கழற்றி, "என்னுடைய மொழி இதில் எங்கே?" என்று உன்னைப் போலக் கேட்டவர்கள்தான்.

இப்போது பெற்றோரிடம். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு முடிந்தது. பழைய ப்ரொசெசர் உள்ள பல கொம்பியூட்டர்களை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாது. உக்குவளை, வரக்காமுறை, இறத்தோட்டை, கலேவெல என்று நம் ஊர்களில் எத்தனையோ கொம்பியூட்டர்கள் இனிப் பழைய இரும்புக் கடைக்குப் போகப் போகின்றன. அவற்றில் பல செத்துப்போனவை அல்ல. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி ஒன்று, இன்னும் கொஞ்சம் ரெம், இலவசமான லினக்ஸ். இவ்வளவும் செய்தால் ஒரு பிள்ளை தமிழில் எழுதவும் நிரல் பழகவும் தாராளமாகப் போதும்.

கொடுக்குமுன் ஒரு தடவை எங்களிடம் காட்டுங்கள். சனிக்கிழமை காலையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து திறந்து பார்ப்போம். வீட்டில் பிள்ளை திறக்க ஆசைப்பட்டால் ஏசாதீர்கள். பிளக்கைக் கழற்றிவிட்டுத் திறக்கட்டும். மின்சாரம் வரும் பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்க விடாதீர்கள். ஒன்றிரண்டு தடவை பீப் பீப் என்று கத்தும். அதற்குப் பயப்பட வேண்டாம். அழிறப்பர் ஒன்று போதும்.

உங்கள் வீட்டுக்கு வந்த முதல் கொம்பியூட்டர் எது, அதில் முதன்முதலாகத் தமிழை எப்படி அடித்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். அந்த மகளுக்கும் அவளுடைய வகுப்புக்கும் வாசித்துக் காட்டுகிறேன்.