துப்பு கிடைக்காவிட்டால் என்ன செய்வது? - ஒரு சின்ன வரலாறு



1954ல் ஏவி.எம். எடுத்த 'அந்த நாள்' பார்த்திருக்கிறீர்களா? பாட்டே இல்லாத படம். வீணை எஸ்.பாலசந்தர் இயக்கியது. படம் தொடங்கியதுமே சிவாஜி சுடப்பட்டுச் செத்துக் கிடப்பார்! இரண்டாம் உலகப் போர் நேரத்துச் சென்னை. ரேடியோ என்ஜினியர் ராஜனைக் கொன்றது யார்? மனைவி, சகோதரர், அவர் மனைவி, இன்னொரு பெண், எதிர்வீட்டுக்காரர் என்று ஐந்து பேர் மீது சந்தேகம். ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். விடையை நான் சொல்லப்போவதில்லை. பார்க்காதவர்கள் திட்டுவீர்கள் :-)

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. துப்பறியும் சி.ஐ.டி. சிவானந்தமாக நடித்த ஜாவர் சீதாராமன்தான் திரைக்கதை, வசனமும் எழுதினார். துப்பை ஒளித்து வைத்தவரே துப்பைத் தேடுகிறார். எப்படித் தவறவிடுவார்? ஜே.ஆர்.ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தன் முதல் தமிழ்வாணனின் சங்கர்லால் வரை எல்லோருக்கும் இந்த அதிர்ஷ்டம் உண்டு.

சரி, இதே கதையை நாலு நண்பர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடினால்? ஒருவர் கதை நடத்துவார். மற்ற மூவரும் சிவானந்தம் போலக் கேள்வி கேட்டுத் துப்பறிய வேண்டும். அவர்கள் முக்கியமான துப்பைக் கவனிக்காமல் போய்விட்டால்? கதை அங்கேயே நின்றுவிடும். இந்தச் சிக்கலைத் தீர்க்க விளையாட்டு வடிவமைப்பாளர்களுக்குப் பல வருடங்கள் ஆயின. அந்த வரலாறுதான் இந்தக் கட்டுரை.

முதலில் வந்தது 'க்ளூடோ'. இங்கிலாந்தின் அந்தோனி ப்ராட் உருவாக்கி, 1949ல் விற்பனைக்கு வந்தது. 6 ஆட்கள், 6 ஆயுதங்கள், 9 அறைகள். பெருக்கினால் 324 விடைகள்தான். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் விடை கிடைத்துவிடும். ஆனால் இதில் கதை கிடையாது. ஏன் கொன்றான் என்று யாரும் கேட்பதில்லை.

1974ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளியிட்டார்கள். பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு பரவியது. பூதம் காக்கும் குகைக்குள் ஒரு கதவு திறக்காவிட்டால் வேறு கதவைத் தேடலாம். அதனால் பெரிய கஷ்டம் இல்லை.

1981ல் சாண்டி பீட்டர்சன் வடிவமைத்த 'கால் ஆஃப் க்துலு' வந்தது. லவ்கிராஃப்டின் திகில் கதைகளை வைத்துச் செய்த விளையாட்டு. சண்டையைவிட விசாரணைதான் இதில் முக்கியம். நூலகத்தில் தேடுவதற்கு இத்தனை சதவீதம், ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்க இத்தனை சதவீதம் என்று திறமைகளுக்கு மதிப்பெண் உண்டு. பகடையில் அதற்குள் விழுந்தால் துப்பு கிடைக்கும். விழாவிட்டால்?

பி.காம். மாணவன் என்பதால் கொஞ்சம் கணக்கு போடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். குற்றவாளியை அடைய மூன்று படிகள். ஒவ்வொரு படிக்கும் ஒரே துப்பு, அது கிடைக்க 40% வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் தாண்ட 0.4 x 0.4 x 0.4, அதாவது 6.4% தான்! நண்பர்களின் ஞாயிற்றுக்கிழமை வீண். அடுத்த வாரம் யாரும் வரமாட்டார்கள்.

இதற்கு இரண்டு விதமாகத் தீர்வு வந்தது. ராபின் லாஸ் தன் 'கம்ஷூ' விதிமுறையில் பகடையையே எடுத்துவிட்டார். சரியான திறமை உள்ளவர் சரியான இடத்தில் தேடினால் துப்பு நிச்சயம். அதை வைத்து என்ன முடிவுக்கு வருகிறீர்கள் என்பதுதான் ஆட்டம். 2008ல் வந்த கென்னத் ஹைட்டின் 'ட்ரெயில் ஆஃப் க்துலு' இந்த முறையில் அமைந்தது.

ஆனால் சரியான இடத்துக்கே போகாவிட்டால்? அதே 2008ல் ஜஸ்டின் அலெக்சாண்டர் 'மூன்று துப்பு விதி'யை எழுதினார். ஆடுபவர்கள் வர வேண்டிய ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று துப்புகள் வையுங்கள் என்பதுதான் அது. மேலே உள்ள கணக்கிலேயே போட்டுப் பாருங்கள். மூன்றுமே தவறும் வாய்ப்பு ஒரு படிக்கு 21.6% தான். மூன்று படிகளையும் தாண்டும் வாய்ப்பு 6.4 லிருந்து ஏறக்குறைய 48% ஆகிவிடுகிறது!

இது எங்கள் ஆடிட்டிங் பாடத்தில் உள்ளதுதான். கணக்கில் ஒரு வரி எழுதியிருந்தால் அதை மட்டும் நம்பக்கூடாது. பில், சரக்கு ரிஜிஸ்டர், வங்கிக் கணக்கு மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

நம்ம பொம்மிடியிலேயே ஒரு கதை வைத்துப் பாருங்களேன். மளிகைக் கடையில் பணப்பெட்டி காணவில்லை (கற்பனைதான்!). திருடியது கணக்கெழுதுபவர். பேரேட்டில் அடித்து எழுதிய ஒரு வரி, இரவு பின்கதவைத் திறந்தவரைப் பார்த்த டீக்கடைக்காரர், அவர் சட்டைப்பையில் இரண்டாவது சாவி. ஒன்றைத் தவறவிட்டாலும் மற்ற இரண்டு கைகொடுக்கும். விசேஷப் பகடைகூட வேண்டாம். 0 முதல் 9 வரை எழுதிய பத்துச் சீட்டுகளை ஒரு டம்ளரில் போட்டு, ஒன்றை எடுத்துத் திரும்பப் போட்டுவிட்டு இன்னொன்று எடுத்தால் சதவீதம் வந்துவிடும்.

ஆடுபவர்களைத் திணறடிப்பது சுலபம். விடையை அவர்களே கண்டுபிடித்து, "அட, இவரா!" என்று கத்த வைப்பதில்தான் கதை நடத்துபவரின் வெற்றி இருக்கிறது. 'அந்த நாள்' கதையை இப்படி ஆட்டமாக மாற்றினால், ஐந்து பேரில் ஒவ்வொருவர் மீதும் என்னென்ன துப்புகள் வைப்பீர்கள்? யோசித்துச் சொல்லுங்கள்!