ராம் ஸ்டிக்கில் ஒரு வெட்டு

கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால், மதர்போர்டில் நீளமான பட்டைகள் ஒன்றோ இரண்டோ நட்டுவைத்தது போல் நிற்கும். அதுதான் ராம். பிடுங்கி அடிப்பக்கம் பாருங்கள். தங்க நிறப் பற்கள் வரிசையாக இருக்கும். இடையில் ஒரு சின்ன வெட்டு, சரியாக நடுவில் இல்லாமல் சற்று ஒதுங்கி இருக்கும். அந்த வெட்டு அங்கே வந்து சேர்ந்ததற்கு ஒரு நீண்ட கதை உண்டு. பழைய கல்யாணக் கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி எடிட் செய்ய நினைக்கும் நம் வயதுக்காரர்களுக்கு அது பணத்தையும் மிச்சப்படுத்தும்.

1950-களில் கம்ப்யூட்டரின் நினைவகம் என்பது சின்னச் சின்ன ஃபெரைட் வளையங்கள்தான். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் வேர்ல்விண்ட் கம்ப்யூட்டரில் 1953-இல் இவற்றைப் பொருத்தினார்கள். ஒரு வளையத்துக்கு ஒரு பிட். கழுத்துமணி கோப்பது போல ஒவ்வொன்றிலும் மெல்லிய கம்பிகளைக் கையால் நுழைப்பார்கள், பெரும்பாலும் பெண்கள். ஒரு எம்.பி. வேண்டுமென்றால் சுமார் 84 லட்சம் வளையம்! இன்று போனில் எடுக்கும் ஒரு போட்டோவே அதைவிடப் பெரிது.

ஐ.பி.எம்.மில் இருந்த ராபர்ட் டென்னார்டுக்கு 1966-இல் ஒரு யோசனை வந்தது. ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர், அவ்வளவுதான் ஒரு பிட்டுக்கு. 1968-இல் காப்புரிமை கிடைத்தது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் போல கெப்பாசிட்டரில் உள்ள மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் நொடிக்குப் பல தடவை படித்துத் திரும்ப நிரப்பவேண்டும். நம் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டர் இப்போதும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. கரண்ட் போனால் ராமில் இருந்தது மறைவதும் இதனால்தான்.

1981-இல் ஐ.பி.எம். பி.சி. வந்தபோது அதன் அடிப்படை மாடலில் 16 கே.பி. நினைவகம். கூடுதலாக வேண்டுமானால் சிப்பு சிப்பாக வாங்கி சாக்கெட்டில் குத்தவேண்டும். ஒரு கால் வளைந்தால் போச்சு. சூடேறி ஆறி, சூடேறி ஆறி, சிப்புகள் சாக்கெட்டை விட்டு மெல்ல மேலே எழும்பவும் செய்யும். மெக்கானிக் வந்து கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்திவிட்டுப் போவார்.

சிப்புகளை ஒரு சின்னப் பலகையில் பற்றவைத்து, பலகையாகவே மாட்டிவிடலாமே என்று 1983 வாக்கில் செய்தவர்கள் வாங் லேபரட்டரீஸ் நிறுவனத்தார். நிறுவனர் ஆன் வாங், ஷாங்காயில் பிறந்தவர். முன்பு சொன்ன வளைய நினைவகத்துக்கும் காப்புரிமை பெற்றவர்களில் ஒருவர். நினைவகத்தின் கதையில் இரண்டு திருப்பங்களிலும் இந்த மனிதர் நிற்கிறார் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

அந்தப் பலகைக்குப் பெயர் சிம். முதலில் 30 பின், ஒரு தடவைக்கு 8 பிட் கொடுக்கும். 32 பிட் கேட்கும் 486 பிராசசருக்கு நான்கு பலகை சேர்த்துப் போட்டால்தான் வேலை செய்யும். 72 பின் பலகை 32 பிட் கொடுத்தது. ஆனால் அதற்குள் பென்டியம் 64 பிட் கேட்டது, ஆகவே ஜோடியாகப் போடவேண்டும். பிறகு வந்த டிம் பலகை ஒன்றே 64 பிட் கொடுத்ததால் இந்தக் கணக்கு ஒழிந்தது.

ஜெடெக் என்ற அமைப்பில் எல்லாக் கம்பெனிக்காரர்களும் கூடி அளவுகளை முடிவு செய்வார்கள். 2000-இல் டி.டி.ஆர். வந்தது: 184 பின், 2.5 வோல்ட். டி.டி.ஆர்.2-க்கு 1.8 வோல்ட், டி.டி.ஆர்.3-க்கு 1.5, டி.டி.ஆர்.4-க்கு 1.2, டி.டி.ஆர்.5-க்கு 1.1. வோல்டேஜ் குறையக் குறைய சூடும் குறையும், ஆனால் பழையதில் புதியதைப் போட்டால் கருகிவிடும். 2-க்கும் 3-க்கும் 240 பின்தான், 4-க்கும் 5-க்கும் 288-தான். பின்னை எண்ணி வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் தலைமுறைக்குத் தலைமுறை வெட்டை இடம் மாற்றி வைத்தார்கள். தப்பான ராம் உள்ளே இறங்கவே இறங்காது.

இவ்வளவு நினைவகம் எதற்கு? கடிதம் அடிக்க வேண்டாம். வீடியோவுக்கு வேண்டும். 1989-இல் ஆவிட் என்ற எடிட்டிங் சிஸ்டம் மெக்கின்டாஷ் கம்ப்யூட்டரில் வந்தது. 1994-இல் வந்த கமலின் 'மகாநதி'தான் ஆவிட்டில் எடிட் செய்த முதல் இந்தியப் படம் என்பார்கள். டிஸ்கில் வீடியோ சுருங்கித்தான் இருக்கும். எடிட் செய்யும்போது ஒவ்வொரு படத்தையும் ராமில் விரித்தாகவேண்டும். கேசட் வீடியோ விரித்தால் நொடிக்கு சுமார் 31 எம்.பி. ஃபுல் எச்.டி. என்றால் 155 எம்.பி. போனில் 4கே-யில் நொடிக்கு 30 படம் எடுத்தால் 750 எம்.பி.க்குப் பக்கம்.

எதிர்வீட்டு நண்பர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், இந்தக் கணக்கில்தான் மாட்டிக்கொண்டார். அவருடைய அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணக் கேசட் ஒன்று. இருவரும் இப்போது இல்லை. அம்மாவின் குரல் இருப்பது அந்த ஒரு கேசட்டில்தான். டேப்பில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிட்டது. எப்படியோ கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார். பேரன் எடுத்த 4கே வீடியோவையும் சேர்த்து ஒரே படமாக்கப் பார்த்தபோது சிஸ்டம் உறைந்து நின்றது. கடையில் புது கம்ப்யூட்டர் வாங்கச் சொன்னார்கள். மருமகன் ஆன்லைனில் 8 ஜி.பி. ராம் ஒன்று வரவழைத்தார்.

"சார், எவ்வளவு அழுத்தினாலும் போகமாட்டேங்குது" என்று கூப்பிட்டார்.

"அழுத்தாதீங்க சார், வெட்டைப் பாருங்க" என்றேன். வந்தது டி.டி.ஆர்.4. மதர்போர்டு டி.டி.ஆர்.3. வெட்டு மதர்போர்டைக் காப்பாற்றிவிட்டது.

சரியானதை மாற்றி வாங்கி மாட்டிய பிறகும் கம்ப்யூட்டர் நான்கு ஜி.பி.யைத் தாண்டவில்லை. விண்டோஸ் 32 பிட்! அவர் வைத்திருந்த மாதிரி 32 பிட் விண்டோஸ் எவ்வளவு ராம் போட்டாலும் நான்கு ஜி.பி.க்கு மேல் தொடாது. கேசட் வீடியோவை வெளி ஹார்டு டிஸ்கில் முதலில் பத்திரப்படுத்திவிட்டு 64 பிட் விண்டோஸ் போட்டோம். பழைய பிராசசர் 4கே-யில் திணறியதால் பேரன் எடுத்ததை ஃபுல் எச்.டி.க்குச் சுருக்கிக்கொண்டோம். படம் முடிந்தது.

வாங்கும் முன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி என்ற இடத்தைப் பாருங்கள். எத்தனை ஸ்லாட், எத்தனை காலி, என்ன வேகம் என்று காட்டும். இருக்கும் ராமைக் கழற்றி அதன் லேபிளைப் போன் கேமராவில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது இன்னும் நல்லது. வேகம் வேறு வேறாகக் கலந்தால் பொதுவாக எல்லாமே மெதுவானதன் வேகத்துக்கு இறங்கிவிடும். மதர்போர்டு அதிகபட்சம் எவ்வளவு ஏற்கும் என்பதையும் அதன் கையேட்டில் பார்த்துவிடுங்கள். லேப்டாப் ராம் அளவில் சிறியது, கேட்டு வாங்கவேண்டும்.

லேப்டாப்பில் இப்போது அந்த வாய்ப்பும் குறைந்து வருகிறது. 2012-இல் ஆப்பிள் தன் ரெட்டினா மேக்புக் ப்ரோவில் ராமை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிட்டது. மற்றவர்களும் அந்த வழியில் போனார்கள். வாங்கும் அன்று போட்டதுதான் கடைசி வரை. 2023 டிசம்பரில் ஜெடெக், கேம்2 என்று ஒரு புது அளவை அறிவித்தது. லேப்டாப்பில் தட்டையாகப் படுத்திருக்கும், கழற்றி மாற்றலாம். அதைத் திருகு போட்டு முடுக்கவேண்டும்.