தோட்டத் திடலும் இடைநிலைப் பள்ளியும்

நம் நாட்டு ஓட்டப்பந்தய வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் பதக்கங்களிலிருந்தே தொடங்குவர். பள்ளிக்கூட வாயிலிலிருந்து தொடங்குவதே முறை என்பது என் கருத்து. கால்களில் வலிமை இருந்தும் அவ்வாயிலைக் கடக்க இயலாமற் போனோர் பலர் என்பதை அப்போதுதான் உணர முடியும்.

தஞ்சோங் காராங், கோலசிலாங்கூர் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். கடற்கரையை ஒட்டி நெல்வயல்கள். உள்ளே இரப்பர், தென்னை, செம்பனைத் தோட்டங்கள். பத்தாங் பெர்ஜுந்தை என முன்னர் வழங்கிய பெஸ்தாரி ஜெயாவை அடுத்துள்ள தென்னமரம் தோட்டத்தில்தான், 1917இல், இந்நாட்டில் வணிக நோக்கில் முதன்முதலாகச் செம்பனை பயிரிடப்பட்டது. உலகச் சந்தையோடு அத்துணை நெருங்கிய தொடர்பு கொண்டிருந்த இம்மண்ணில், தொழிலாளியின் பிள்ளைக்குரிய கல்வி மட்டும் தோட்ட எல்லையைத் தாண்டவில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆயினும் அப்பள்ளி தொடக்கக் கல்வியோடு நின்றது. ஆறாம் ஆண்டை முடித்தவருள் பெரும்பாலோருக்கு அடுத்த படி வெளிக்காட்டு வேலையே.

அதே காலத்தில் நகரப் பள்ளிகளின் திடல்களில் வேறொரு வரலாறு உருவாகிக்கொண்டிருந்தது. மணி ஜெகதீசன் 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் ஓடியபோது அவருக்கு வயது 16. 1966இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் அஞ்சல் ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். 1968இல் மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடி அவர் நாட்டிய தேசியச் சாதனை 2017 வரை நிலைத்தது. கேமரன் மலைப்பாதை தொடங்கும் சிற்றூராகிய தாப்பாவில் பிறந்த எம். இராஜாமணி, அதே பாங்காக் போட்டியில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்று, அவ்வாண்டின் தேசியச் சிறந்த விளையாட்டு வீராங்கனையாகத் தேர்வு பெற்றார்.

இவர்களால் நாம் பெருமிதம் கொள்கிறோம்; கொள்ளவும் வேண்டும். ஆனால், 16 வயதில் ஒருவர் ரோமில் ஓடிய அவ்வாண்டில், அதே வயதுடைய தோட்டத்துச் சிறுவன் பள்ளியை விட்டு நான்காண்டுகள் ஆகியிருக்கும். தோட்டத் திடலில் பந்தும் சடுகுடுவும் ஆடிய அவனுடைய வேகத்தை அளக்க எவரும் இல்லை. இல்ல விளையாட்டு, மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி என உயரும் ஏணி இடைநிலைப் பள்ளியிலேதான் ஊன்றப்பட்டிருந்தது.

1965இல் நுழைவுத் தேர்வு நீங்கி, இடைநிலைக் கல்வி எல்லார்க்கும் திறந்தது. தமிழ்ப்பள்ளி மாணவர் புகுமுக வகுப்பில் ஓராண்டு பயின்று படிவம் ஒன்றுக்குச் சென்றனர். புதிய பயிற்றுமொழி, புதிய நண்பர்கள், நெடுந்தொலைவுப் பேருந்துப் பயணம் என்ற மூன்று சுமைகளோடு வந்த பிள்ளைக்கு, வகுப்பறையில் வாய் திறக்கவே தயக்கம். ஓட்டக் கோட்டிலோ அத்தயக்கத்திற்கு இடமில்லை. இல்லத்தின் நிறத்தை அணிந்து ஓடி வென்றவனை ஆசிரியர் பெயர் சொல்லி அழைத்தார். பள்ளியில் தனக்கும் ஓர் இடமுண்டு என்னும் எண்ணம் அங்கே பிறந்தது. படிப்பைத் தொடர அவ்வெண்ணம் எத்துணைத் துணை செய்யும் என்பதை ஆசிரியப் பணியில் இருப்போர் நன்கறிவர்.

ஓட்டம் கல்விக்கு ஈடாகாது. நம் பிள்ளைகள் ஓடுவதற்கே உரியவர் என்று ஒதுக்குவதும் தீங்கே. திடல், பள்ளியோடு பிள்ளையைப் பிணைக்கும் கயிறாக இருத்தல் வேண்டும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் நகர்ப்புறம் பெயர்ந்துவிட்ட இக்காலத்திலும் இக்கடமை தீர்ந்துவிடவில்லை. மாலைப் பயிற்சி முடிந்தபின் வீடு திரும்பப் பேருந்து இல்லாத பிள்ளை, பயிற்சியையே கைவிடுகிறது. அப்பிள்ளைக்கு ஒரு வண்டியை ஏற்பாடு செய்வது பெற்றோர் சங்கத்தால் ஆகாத காரியமன்று. வென்றவர்க்கு மாலை சூட்டும் நம் சமுதாயம், ஓடத் தொடங்குவோர்க்கு வழியும் அமைத்துத் தருமாக!