சட்டமும் பொருளியலும் ஒருசேரக் கற்றோர்

மேற்குத் தொடர்ச்சி மலையில் அய்யனார் கோவிலருகே பாயும் ஆற்று நீர், இராசபாளையம் மக்களின் குடிநீராகிறது. அந்நீரைக் குறித்து மூன்று வினாக்கள் எழுகின்றன. அதில் யாருக்கு என்ன உரிமை என்பது சட்டத்தின் வினா. வயலுக்கும் வீட்டுக்கும் ஆலைக்கும் அதை எவ்வாறு பகிர்ந்தால் நன்மை மிகும் என்பது பொருளியலின் வினா. தேக்கவும் குழாய் பதிக்கவும் வேண்டிய பணத்தை எங்ஙனம் திரட்டுவது என்பது நிதியியலின் வினா. மூன்றும் பிணைந்தே நிற்பதால், அவற்றை ஒருசேரக் கற்பது வீண் சுமையன்று என்பதை வரலாற்றின் வழி காண்போம்.

அப்பாஸியக் கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் காலத்தில் தலைமைக் காழியாக விளங்கியவர் இமாம் அபூ யூசுஃப். கலீஃபாவின் வேண்டுகோளுக்கிணங்க அவர் எழுதிய 'கிதாபுல் கராஜ்' சட்ட நூலுமாகும். அரசின் நிதி நூலுமாகும். நிலத்திற்கு மாறாத வரி விதித்தால் விளைச்சல் குன்றிய ஆண்டில் உழவர் நொடிந்து போவர் என்பதால், விளைச்சலில் ஒரு பங்கைப் பெறுவதே முறை என்று அவர் கருதினார். 1332இல் தூனிஸில் பிறந்த இப்னு கல்தூனும் பிற்காலத்தில் கெய்ரோவில் காழியாகப் பணியாற்றியவரே. குறைந்த வரி பெரும் வருவாயையும், மிகுந்த வரி குறைந்த வருவாயையும் தரக்கூடும் என்பதைத் தம் 'முகத்திமா'வில் அவர் விளக்கினார்.

இனி நம் தமிழகத்திற்கு வருவோம். கோவையில் 1892இல் பிறந்த ஆர். கே. சண்முகம் செட்டியார், சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியில் பொருளியலும் சென்னைச் சட்டக் கல்லூரியில் சட்டமும் பயின்றவர். மத்திய சட்டமன்றத்தின் தலைவராகவும், 1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவானாகவும் இருந்தார். 1944இல் அமெரிக்காவின் பிரெட்டன் வுட்ஸில் உலக நாணய மாநாடு கூடியபோது இந்தியக் குழுவில் அவரும் இடம்பெற்றார்.

போர்க்காலத்தில் இந்தியாவிடமிருந்து பெற்ற பொருளுக்கும் பணிக்கும் ஈடாக, பிரிட்டன் பெருந்தொகை கடன்பட்டிருந்தது. 'ஸ்டெர்லிங் இருப்பு' எனப்பட்ட அந்தக் கடனை இந்தியக் குழு மாநாட்டில் எழுப்பியது. ஆனால் அங்குத் தீர்வு கிட்டவில்லை. கடன் உண்டு என்பதை நிறுவுவது சட்டம். அதை எந்த நாணயத்தில், எத்தனை ஆண்டுகளில் பெற்றால் நாட்டுக்கு நலம் என்று கணிப்பது பொருளியல். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சராக அவரே 1948இல் இலண்டன் சென்று அக்கடன் பற்றி உடன்பாடு கண்டார்.

1947 நவம்பர் 26 அன்று நாட்டின் முதல் வரவு செலவுத் திட்டத்தைப் படைத்தவரும் அவரே. வருவாய் ஏறத்தாழ 171 கோடி ரூபாய். செலவு ஏறத்தாழ 197 கோடி ரூபாய். பிரிவினையின் துயரும் அகதிகளின் வருகையும் உணவுப் பற்றாக்குறையும் சூழ்ந்திருந்த வேளையில் எழுதப்பட்ட கணக்கு அது!

அவருக்குப் பின் அதே பதவிக்கு வந்த தமிழர்களுள் ஆர். வெங்கட்ராமனும் இவ்வழி வந்தவரே. லயோலா கல்லூரியில் பொருளியலில் முதுகலைப் பட்டமும், பின்னர் சட்டப் பட்டமும் பெற்றார். தொழிலாளர் வழக்குகளில் ஈடுபட்டு, 1949இல் தொழிலாளர் சட்டத்துக்கென ஓர் இதழையும் தொடங்கினார். 1980இல் நிதியமைச்சராகி, 1987இல் குடியரசுத் தலைவரானார்.

அக்காலத்தில் ஒரு பட்டம் முடித்த பின்னரே மற்றொன்றைத் தொடர வேண்டியிருந்தது. இன்றோ பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் 5 ஆண்டுகளில் இரண்டையும் இணைத்துக் கற்கலாம். பெங்களூர் தேசிய சட்டப் பள்ளி 1980களின் இறுதியில் இம்முறைக்கு வழிகாட்டியது. 1997இல் தோன்றிய தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியிலும், திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்திலும் வணிகவியலோடு சட்டத்தை இணைத்த பி.காம்., எல்.எல்.பி. படிப்பு உண்டு.

இதனால் நம் இல்லங்களுக்கு என்ன பயன் என்று கேட்கலாம். வணிகம் நமக்குப் புதிதன்று. அண்ணன் தம்பியரும் மைத்துனரும் கூட்டாகக் கடை நடத்துவதும் புதிதன்று. ஆனால் கூட்டாளிகளுள் ஒருவர் காலமாகிவிட்டால் என்ன ஆகும்? ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லையேல், 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி அந்தக் கூட்டு அன்றே கலைந்துவிடும். சரக்கையும் கடனையும் கணக்கிட்டு, காலமானவரின் பங்கைத் தனித்தறிந்து, அதனை வாரிசுரிமைப்படி அவர் மனைவி மக்களுக்குப் பகிர வேண்டும். கணக்கர் கணக்கை மட்டுமே பார்ப்பார். வழக்குரைஞர் வழக்கை மட்டுமே பார்ப்பார். இரண்டையும் அறிந்தார் ஒருவரும் வீட்டில் இல்லாத நிலையில், பெரும்பாலும் உரிமை இழப்பவர்கள் விதவையும் அனாதைக் குழந்தைகளுமே.

ஆகவே மகன் என்ன படிக்கலாம், மகள் என்ன படிக்கலாம் என்று பெற்றோர் கூடிப் பேசும்போது, பொறியியலோடும் மருத்துவத்தோடும் இந்தக் கல்வியையும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். தாம் கையொப்பமிடும் பத்திரத்தின் சொல்லையும் எண்ணையும் தாமே படித்தறிந்து கையொப்பமிடும் தலைமுறை நம்மிடையே உருவாகட்டும்.